மறு: மீளிணைந்த புரதமா, ஒட்டுமரபுப் புரதமா?

வணக்கம்.

ஆய்வுகூடங்களுக்கு வரும் ஒரு புரதத் தூளின் லேபிளில் உள்ள ‘recombinant human interferon gamma’ என்பதை ஐயா ‘மீளிணைந்த மனித இன்ரபெரோன் காமா’ என்று தமிழாக்கியிருந்தார். (இன்ரபெரோன் என்பது நோயை எதிர்க்க உடற்கலங்கள் வெளிவிடும் சைகைப் புரதம்; காமா அதில் ஒரு வகை.) அதை இங்கே திருகோணமலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒருத்தி உடனே கேட்டாள்: “பிரிஞ்ச புரதம் திரும்பச் சேர்ந்ததா, சேர்?” அடுத்தவன்: “மனித எண்டா, ஆருடைய இரத்தம்?”

பிள்ளைகளில் பிழையில்லை. மீள இணைந்தது டிஎன்ஏ, புரதம் அல்ல. மனித மரபணுவின் படியை பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஒட்டி ஈ.கோலை பற்றீரியாவுக்குள் விட்டால், அது புரதத்தைச் செய்து தருகிறது. ஆங்கிலத்தில் ‘recombinant’ என்ற அடைமொழி மரபணுவிலிருந்து புரதத்துக்கு வழுக்கிவிட்டது. நாமும் கூடவே வழுக்கத் தேவையில்லை. காமாவில் வில்லங்கம் இன்னும் கூட. அதன் சங்கிலிகள் இரண்டு சோடி சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். ‘இணைந்த’ என்றால் வாசிப்பவர் அந்தச் சோடியைத்தான் நினைப்பார்.

என் முன்மொழிவு: ஒட்டுமரபுப் புரதம். உவர்மலையில் எங்கள் வளவில் ஒரு ஒட்டு மாமரம் நிற்கிறது. அடிக்கட்டை புளிப்பு நாட்டுமா, காய்ப்பதோ கறுத்தக்கொழும்பான். பற்றீரியாவும் அந்த அடிக்கட்டை போலத்தான். ஒட்டு மாமரத்தில் மரபணு கலப்பதில்லை என்று தாவரவியல்காரர் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். ஒட்டப்படுவது கிளையல்ல, மரபு என்பதற்காகத்தான் அந்தச் சொல்லையும் சேர்த்தேன். பழமும் அச்சொட்டாக அதே பழம் அல்ல: மனித உடல் காமாவில் ஏற்றும் சர்க்கரைச் சங்கிலிகளை ஈ.கோலை ஏற்றாது.

இரத்தம் பற்றிய கேள்வியும் லேசுப்பட்டதல்ல. 1970களில் பின்லாந்தில் காரி கன்டெல் என்ற ஆய்வாளர் இரத்ததானம் செய்தோரின் வெண்குருதிக் கலங்களிலிருந்துதான் இன்ரபெரோன் எடுத்தார். இங்கே மனிதருடையது இரத்தமல்ல, புரதத்தின் அமினோ அமில வரிசை மட்டுமே. ஆகவே ‘மனித வரிசை’ என்று எழுதுவோம்.

இன்ரபெரோன் என்ற பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே விடுங்கள். 1957இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற ஆய்வாளர்கள் ஒரு வைரசு மற்றதன் வளர்ச்சியில் தலையிடுவதை (interfere) பார்த்து வைத்த பெயர் அது. ‘வைரசுத்தடுப்பான்’ என்ற தமிழ்ப்பெயர் அழகுதான், ஆனால் அது வைரசைத் தொடுவதேயில்லை. பக்கத்துக் கலத்தின் கதவைத் தட்டி ஆயத்தப்படுத்துகிறது. காமாவுக்கோ கிருமிகளை விழுங்கும் விழுங்குகலங்களை உசுப்புவதே பெரிய வேலை. (இன்டர்பெரானா, இன்ரபெரோனா என்ற சண்டை இன்னொரு நாளைக்கு.)

உறையவைத்து உலர்த்திய தூளுக்கு ‘உறையுலர் தூள்’ சரி. யாரோ பகிடிக்குச் சொன்ன ‘பனிக்கருவாடு’ எனக்குப் பிடித்திருக்கிறது, அச்சில் போகாது. ஆனால் ‘திறக்கமுன் மையநீக்கியில் சுற்றவும்’ (அதாவது, வேகமாகச் சுழற்றும் கருவியில் வைத்துத் தூளைக் குப்பியின் அடிக்கு இறக்கவும்) என்ற வரியைச் சுருக்காதீர்கள். சில மைக்கிரோகிராம் தூள் மூடியிலோ ஓரத்திலோ ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது. என் சிநேகிதன் ஒருவன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “வெறுங்குப்பி” என்று குப்பைக்கூடைக்குக் கையை நீட்டிவிட்டான்.

லேபிளுக்கு:

ஒட்டுமரபு இன்ரபெரோன் காமா. மனித வரிசை, ஈ.கோலையில் செய்தது. ஆய்வுகூடப் பாவனைக்கு மட்டும்; உடலில் ஏற்றக்கூடாது.

தமிழகத்து நண்பர்களுக்குப் ‘பாவனை’ நடிப்பாகக் கேட்குமென்றால் ‘பயன்பாடு’ என்று மாற்றுங்கள், எனக்கு மறுப்பில்லை.