கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி: உத்தியா, வியூகமா?

அன்பர்களே,
வணிகவியல் பாடமொன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி அச்சுக்குத் தரவேண்டும். 'கார்ப்பரேட் ஸ்ட்ராட்டஜி'யில் நிற்கிறேன். 'விற்பனை உத்தி' முந்தைய பாடத்திலேயே வந்துவிட்டது, இது அதைவிடப் பெரியது. பாடத்தில் நோக்கியாவைக் காட்டுகிறார்கள்: 1865-இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கி ரப்பர், கேபிள், தொலைக்காட்சி என்று பரந்த நிறுவனம், 1992-இல் யோர்மா ஒல்லிலா தலைமைக்கு வந்தபின் மற்றவற்றைப் படிப்படியாக விற்றுத் தொலைத்தொடர்பில் முதலீட்டைக் குவித்தது. எந்தத் தொழிலில் இருப்பது, எதை விடுவது என்று தலைமை எடுக்கும் அந்த முடிவுக்குத்தான் சொல் வேண்டும்.

மறுமடல்:
வியூகம் இருக்கிறதே ஐயா. 'தேர்தல் வியூகம்' எல்லா நாளிதழிலும் வருகிறது. 'நிறுவன வியூகம்' என்றால் யாருக்கும் புரியும்.

மறுமடல்:
புரிவது மட்டும் போதுமா? வியூகம் வடசொல், அதுவும் படையை நிறுத்தும் அணிவகுப்பு. உத்தி நம் சொல். தொல்காப்பிய மரபியல் முப்பத்திரண்டு உத்தி சொல்கிறது. யுக்தியின் திரிபு என்பார்கள், நான் ஏற்கவில்லை, உய்த்தல் என்ற வேரிலிருந்து வந்தது என்பதே என் துணிபு. சடுகுடுவுக்கு ஆள் பிரிக்கச் சிறுவர்கள் 'உத்தி பிரிப்பது' எங்கிருந்து வந்தது? சமவலு உள்ள இருவர் சோடியாக வந்து நிற்பார்கள், அங்கே உத்தி என்பது இணை. இதை யாராவது விரிவாக ஆராய வேண்டும்.

மறுமடல்:
எங்கட இலங்கையில் அரச ஆவணங்களில் 'மூலோபாயம்' எப்போதோ நிலைத்துவிட்டது. புதிதாக ஏன் தேட வேண்டும்?

மறுமடல்:
மூலமும் உபாயமும் வடமொழிதானே அண்ணா, அப்புறம் வியூகம் என்ன குற்றம் செய்தது? நான் வகுப்பெடுப்பவள். உத்தி என்று எழுதிப்போட்டால் பிள்ளைகள் தள்ளுபடி, இலவச இணைப்பு என்றே விடை எழுதுகிறார்கள். 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும்' தூக்கிப் பார்க்கச் சொல்லும் குறளோடு தொடங்கினால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எடுத்த வேலை எவ்வளவு பெரிது, கையில் என்ன இருக்கிறது, போட்டியாளர் யார், துணைக்கு யார் என்று தலைவர் எண்ணவேண்டியது முழுக்க அதில் இருக்கிறது. நோக்கியா கைபேசித் தொழிலையும் 2014-இல் மைக்ரோசாஃப்டுக்கு விற்றதைச் சேருங்கள். வரி வழக்கால் அந்த விற்பனையில் சேராமல் நின்ற ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதே ஆண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. மேலே எடுத்த முடிவு கீழே யார் வேலையைத் தொடும் என்று மாணவர்களுக்குத் தெரியவேண்டும்.

மறுமடல்:
சரி, பெரும்பான்மை வியூகத்தின் பக்கம். 'நிறுவன வியூகம்' என்றே அனுப்புகிறேன், பிறைக்குறிக்குள் மூலோபாயம். ஸ்ரீபெரும்புதூரையும் சேர்த்துவிட்டேன்.

மறுமடல்:
எனக்கு உடன்பாடில்லை. 'நிறுவனப் பேருத்தி' என்று எழுதியிருந்தால் விற்பனை உத்தியிலிருந்து வேறுபடுத்தியும் இருக்கலாம், தமிழாகவும் இருந்திருக்கும். அடுத்த பதிப்பில் மறுபடி எழுப்புவேன்.