சோலார் பேனலுக்கான வரிச்சலுகை மறுக்கப்பட்டது: எங்கே தவறினேன்?

சாட்ஸ்வர்த் வாசி:
வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறோம். மின்வெட்டில் அம்மாவின் மூச்சுக் கருவி நின்றுபோகும் பயத்தில்தான் 2024 ஜனவரியில் 10 சோலார் பேனல்கள் போட்டோம். மொத்தச் செலவு 1,62,000 ரேண்ட். 15,000 ரேண்ட் வரை வருமான வரி குறையும் என்றார்கள். வரித்துறையிடம் அந்த 15,000-ஐயே கேட்டு, பில்லையும் மின் இணக்கச் சான்றிதழையும் (வீட்டு மின் இணைப்பு விதிப்படி பாதுகாப்பானது என்ற சான்று) இணைத்தேன். போன வாரம் ஒரு ரேண்ட்கூட இல்லை என்று பதில் வந்தது. மகளின் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் அது. வழி உண்டா?

பீனிக்ஸ் எலக்ட்ரீஷியன்:
தம்பி, பில்லில் என்ன எழுதியிருக்கிறது? சான்றிதழில் என்ன தேதி?

சாட்ஸ்வர்த் வாசி:
பில்லில் ஒரே வரிதான் அண்ணா: ‘சோலார் அமைப்பு முழுவதும், 1,62,000’. சான்றிதழ் 2016-இல் வீடு வாங்கியபோது கொடுத்தது.

பீனிக்ஸ் எலக்ட்ரீஷியன்:
இரண்டும் உதவாது. சலுகை பேனலுக்கு மட்டும்தான். இன்வெர்ட்டர், பேட்டரி, கம்பி, பொருத்தும் கூலி எதுவும் சேராது. பேனல் புதியதாக, ஒவ்வொன்றும் 275 வாட்டுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். பேனல் விலையைத் தனியே காட்டும் பில்லைப் பேனல் போட்டவர்களிடம் கேளுங்கள். தயங்காதீர்கள். சோலார் வேலைக்கென்று புது இணக்கச் சான்றிதழோ, பழையதோடு சேரும் துணைச் சான்றிதழோ தந்திருக்க வேண்டும். 2023 மார்ச் 1 முதல் 2024 பிப்ரவரி 29-க்குள் பேனல் பயன்பாட்டுக்கு வந்தது அதில் தெரிய வேண்டும்.

கணக்கு பார்க்கும் அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
வரித்துறையின் வரி மதிப்பீடு வந்த நாளிலிருந்து 80 வேலை நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், தம்பி. பேனல் விலையில் 25 சதவீதம்தான் கிடைக்கும். 15,000 என்பது உச்சவரம்பு. ஆட்சேபத்தில் அந்த 25 சதவீதத் தொகையைச் சரியாகப் போடுங்கள். இந்தச் சலுகை வரியைத்தான் குறைக்கும். கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவென்றால் மிச்சம் கைக்கு வராது.

டொங்காட் தங்கை:
நாங்கள் இப்போது போட்டால் கிடைக்குமா அக்கா?

கணக்கு பார்க்கும் அக்கா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
கிடைக்காது அம்மா. அந்த ஓராண்டோடு முடிந்துவிட்டது. விற்பவர் யாராவது இதைச் சொல்லி விலை பேசினால் நம்பாதீர்கள்.

சாட்ஸ்வர்த் வாசி:
சான்றிதழ் கிடைத்துவிட்டது அண்ணா! மின்பெட்டிக் கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டியிருந்தார்கள், தேதி 19.1.2024. ஓரம் மட்டும் வெயிலில் மஞ்சளாகியிருக்கிறது, கையெழுத்து தெளிவு. புதுப் பில்லும் வந்தது: பேனல் ஒன்று 3,400, பத்துக்கு 34,000. அப்படியென்றால் எனக்குரியது 8,500 ரேண்ட். இன்றிரவே ஆட்சேபம் அனுப்புகிறேன்.