மார்சாலாவில் ஒரு மணி நேர ஒயின் சுவைத்தல்: எதைக் கேட்டு வாங்குவது?

மாடிவீடு எழுதியது:

வணக்கம். அக்டோபரில் நானும் மனைவியும் சிசிலி போகிறோம். தங்குவது த்ராபானியில். ஒரு நாள் மார்சாலாவுக்குப் போய்ப் பழைய ஒயின் கிடங்கு ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முடிவில் நான்கு வகை ஒயின் சுவைத்துப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்தான். ஆங்கிலத்தில் விளக்குவார்களாம்.

மார்சாலா என்ற பெயரைத் திராமிசு செய்முறையில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மனைவிக்கு இனிப்பு ஒயின் ஆகவே ஆகாது. அவர் சைவம், பால், முட்டை சாப்பிடுவார். இந்த ஒரு மணி நேரத்தில் எதைக் கவனிப்பது, எதைக் கேட்டு வாங்குவது? வாடகைக் கார் எடுக்கலாம் என்றும் இருக்கிறோம். போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கதிர் எழுதியது:

அன்றைக்கு மட்டும் கார் வேண்டாம். இத்தாலியில் வண்டி ஓட்டுபவருக்கு ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. உரிமம் எடுத்து 3 ஆண்டு ஆகாதவர்களுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். நீங்கள் குடிக்கப்போவது 12, 13 சதவீத ஒயின் இல்லை. மார்சாலா சாராயம் சேர்த்த ஒயின், 17, 18 சதவீதம். நான்கு கிளாஸ், அளவு சின்னதாக இருந்தாலும், வரம்பைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். த்ராபானியிலிருந்து ரயிலில் அரை மணி நேரப் பயணம்தான். திரும்பும் ரயில் நேரத்தை மட்டும் முதலிலேயே பார்த்து வையுங்கள், நாள் முழுக்க அடிக்கடி வண்டி இருக்காது.

நீலவானம் எழுதியது:

என்னைக் கேட்டால் ரத்து செய்துவிடுங்கள். மார்சாலா சமையலுக்குத்தான் லாயக்கு. வெல்லப்பாகு மாதிரி இருக்கும். உங்கள் மனைவிக்கு நிச்சயம் பிடிக்காது. அதே நேரத்தில் கிரில்லோ என்ற நல்ல வெள்ளை ஒயினோ, எத்னா மலைச் சரிவில் விளைந்த சிவப்பு ஒயினோ குடிக்கலாம்.

வடலி எழுதியது:

தம்பி மாடிவீடு, தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். நான் பலெர்மோவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஸ்கலோப்பீனே என்ற மெல்லிய இறைச்சித் துண்டு வறுவல் செய்ய மார்சாலாவைச் சட்டியில் ஊற்றுவது என் அன்றாட வேலை. அதனால் நீலவானம் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் நாங்கள் சட்டியில் ஊற்றுவது 'ஃபீனே' வகை, ஒரு வருடம் முதிர்ந்தாலே விற்பனைக்கு வந்துவிடும். அதை வைத்து மார்சாலா முழுவதையும் எடைபோடுவது அநியாயம்.

பெயர் கெட்டதற்குக் காரணமும் உண்டு. முட்டை, காப்பி, வாழைப்பழச் சுவை என்று என்னென்னவோ சேர்த்து மார்சாலா என்ற பெயரிலேயே விற்றார்கள். 1969-இல் டிஓசி என்ற இத்தாலியத் தரச்சான்று கிடைத்த பிறகும் அது ஓயவில்லை. 1984-இல் வந்த சட்டம்தான் அந்தக் கலவைகளிடமிருந்து பெயரைப் பறித்து, எது எத்தனை வருடம் முதிர வேண்டும் என்பதையும் இறுக்கியது. அதற்குள் உலகம் முழுக்க மார்சாலா என்றால் சமையலறைப் போத்தல் என்று பதிந்துவிட்டது. அந்த ஊரில் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று, இனிப்பு சேர்க்காத வெர்ஜினே வகையைக் குடித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கிடங்குக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, தரப்போகும் நான்கும் எவை என்று கேளுங்கள். பட்டியலில் வெர்ஜினே இல்லையென்றால் ஒன்றை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கூடுதலாகக் கொஞ்சம் காசு கேட்டாலும் கொடுங்கள். உங்கள் மனைவிக்கு இது மிக முக்கியம். 'செக்கோ' (இனிப்பில்லாதது) என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் ஏமாற்றமாக இருக்கலாம், ஏனென்றால் மார்சாலாவில் லிட்டருக்கு 40 கிராம் வரை சர்க்கரை இருந்தாலும் செக்கோதான். 40 முதல் 100 வரை செமிசெக்கோ, அதற்கு மேல் தோல்சே. சாதாரண வெள்ளை வைன் குடித்துப் பழகிய நாக்குக்கு 35 கிராம் நல்ல இனிப்பு. வெர்ஜினே அப்படியில்லை. வைனும் திராட்சைச் சாராயமும் தவிர அதில் வேறொன்றும் சேர்க்கக் கூடாது, இனிப்புக்காக எதையும் ஊற்றக் கூடாது. மரத்தில் குறைந்தது 5 வருடம் இருக்க வேண்டும், ரிசெர்வா என்றால் 10 வருடம்.

நிறத்தைப் பார்த்து வயதை முடிவுசெய்ய வேண்டாம். ஓரோ பொன்னிறம், ரூபீனோ சிவப்பு. ஆம்ப்ரா என்பது கருமை ஓடிய பழுப்பு. திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்த 'மோஸ்தோ கோத்தோ' அதில் கட்டாயம் சேரும். அந்த நிறத்தில் ஒரு பங்கு அடுப்பிலிருந்து வந்தது. பக்கத்தில் வெளிர்ப்பொன்னாக நிற்கும் வெர்ஜினே அதைவிடப் பல வருடம் மூத்ததாக இருக்கலாம். இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்து, எது சேர்த்து வந்த நிறம், எது காத்திருந்து வந்த நிறம் என்று வழிகாட்டியிடமே கேளுங்கள். நல்ல வழிகாட்டிகளுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

வரிசை: இனிப்பில்லாததில் தொடங்கி இனிப்பில் முடிக்க வேண்டும். தோல்சேயை ஒரு வாய் குடித்துவிட்டால் அதற்குப் பிறகு வெர்ஜினே வெறும் காரமாகத் தெரியும், அதன் அருமை போய்விடும். நீலவானம் சொன்ன கிரில்லோவை நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதை மார்சாலாவுக்கு மாற்றாகப் பார்க்க வேண்டாம். முடிந்தால் முதல் கிளாஸாக, சாராயம் சேராத சாதாரண கிரில்லோவைக் கேளுங்கள். கதாராத்தோ, சிபிப்போ என்ற இரண்டு திராட்சைகளைக் கலப்பினம் செய்து 19-ஆம் நூற்றாண்டில் சிசிலியிலேயே உருவாக்கிய திராட்சை அது. மார்சாலாவுக்கு மிக உகந்தது அதுதான் என்று அங்கே பலர் சொல்வார்கள். எலுமிச்சையும் கடலுப்பும் கலந்த அந்தச் சுவையை முதலில் நாக்கில் வாங்கிக்கொண்டு வெர்ஜினேக்குப் போனால், அதே உப்பு உள்ளே இருப்பது பிடிபடும். மேலே பாதாம், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், பழைய மரப்பெட்டி வாசனை. விழுங்கிய பிறகும் நீண்ட நேரம் வாயில் நிற்கும். அந்த நேரத்தில் அடுத்த கிளாஸைத் தொடாதீர்கள்.

இன்னொன்று. மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். 18 சதவீதம் என்பதால் சாராய நெடி ஏறிவிடும். கொஞ்சம் தள்ளிப் பிடித்து மெதுவாக முகருங்கள்.

மாடிவீடு எழுதியது:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மற்றவை ரெடி, வெர்ஜினே மட்டும் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. கார் யோசனையையும் விட்டாயிற்று, செங்கதிருக்கு நன்றி.

இன்னும் சில. ஒயினோடு ஏதோ கொறிக்கத் தருவார்களாம், அதில் மனைவி சாப்பிட எது சரி? பீப்பாய்க் கிடங்கில் பார்க்க வேண்டியது என்ன? அப்புறம் ஒரு போத்தல் வாங்கினால் திறந்த பிறகு எத்தனை நாள் தாங்கும்? நாங்கள் இருவரும் மாதத்தில் ஒன்றிரண்டு முறை குடிப்பவர்கள்தான்.

நீலவானம் எழுதியது:

வடலி சொன்னதைப் படித்தேன். நான் குடித்தது தோல்சே மட்டும்தான், அதுவும் விருந்தில் கேக்கோடு தந்தது. வெர்ஜினே பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. மாடிவீடு, போய்வந்து உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள்.

வடலி எழுதியது:

தம்பி, கொறிக்கத் தருவதில் கவனம் வேண்டும். அது கடலோர ஊர். வெர்ஜினேக்கு ஜோடி என்று பொத்தார்காவைத் தட்டில் வைப்பார்கள். அது உப்பிட்டு உலர்த்திய சூரை மீன் முட்டை, மெல்லிய துண்டாக இருப்பதால் பார்த்தால் மீன் என்றே தெரியாது. நெத்திலி வைத்த ரொட்டியும் வரும். 'நியென்தே கார்னே, நியென்தே பெஷே' என்று சொல்லிவிட்டால் போதும், இறைச்சியும் மீனும் வராது. சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் தட்டு வந்தாலும் வரலாம். முதிர்ந்த பெக்கோரீனோ பாலாடைக்கட்டி, வறுத்த பாதாம், ஒலிவக்காய் இவை மூன்றும் இருந்தால் வெர்ஜினேக்கு வேறொன்றும் தேவையில்லை. செம்மறியாட்டுப்பாலின் அந்தக் காட்டமும் வைனின் உப்பும் சேரும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சிலர் பாலாடைக்கட்டி உறையவைக்கும் பொருளையும் பார்ப்பார்கள். பெக்கோரீனோவுக்குப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததைச் சேர்ப்பார்கள். உங்கள் மனைவிக்கு அது பிரச்சினை என்றால் பாதாமோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

கன்னோலி என்ற, பொரித்த ஓட்டுக்குள் பாலாடை அடைத்த இனிப்பிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதன் ஓட்டு மாவில் மார்சாலா ஊற்றிப் பிசைவார்கள், பொரிக்கும்போது ஓடு குமிழ் குமிழாக வருவதற்கு அதுவும் காரணம். ஆனால் பழைய முறையில் மாவிலும் பொரிப்பதிலும் பன்றிக்கொழுப்பு இருக்கும். இப்போது எண்ணெயில் செய்பவர்களும் உண்டு. கடையில் 'ஸ்த்ருத்தோ' (பன்றிக்கொழுப்பு) இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கிடங்கில் பீப்பாய்களின் அடுக்கைப் பாருங்கள். சோலேரா முறை வைத்திருக்கும் இடமாக இருந்தால் அடி வரிசையிலிருந்து வைனை எடுப்பார்கள், காலியான அளவை மேல் வரிசையிலிருந்து நிரப்புவார்கள், உச்சி வரிசைக்குப் புது வைன் வரும். எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை. பீப்பாயை விளிம்புவரை நிரப்பவும் மாட்டார்கள். மற்ற வைன்களுக்குக் காற்று எதிரி, இங்கே காற்றுதான் அந்தக் கொட்டைப்பருப்பு வாசனையைக் கொண்டு வருகிறது.

இந்த முறைக்கு முன்பே அங்கே வீடுகளில் 'பெர்பெத்துவோ' இருந்தது. வீட்டில் ஒரு பீப்பாய், விசேஷத்துக்கு அதிலிருந்து எடுப்பது, அடுத்த அறுவடையில் எடுத்த அளவுக்குப் புது வைன் ஊற்றுவது. நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அப்படிப் பழையது புதியதைத் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும். 1773-இல் ஜான் வுட்ஹவுஸ் என்ற ஆங்கில வணிகர் வந்தபோது குடித்துப் பார்த்தது இப்படிப்பட்ட வைனைத்தான் என்று சொல்வார்கள். கடற்பயணத்தில் கெடாமல் இருக்கச் சாராயம் சேர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பினார், அங்கே நன்றாக ஓடியது. ஆங்கிலத் தளபதி நெல்சனின் கடற்படைக்கும் போனது. பிறகு இங்ஹாம் என்ற இன்னொரு ஆங்கில வணிகர் வந்தார், 1833-இல் வின்சென்ஸோ ஃப்ளோரியோ என்ற இத்தாலியர் தன் கிடங்கைத் தொடங்கினார். சுற்றிக் காட்டுபவர்கள் பெரும்பாலும் வுட்ஹவுஸோடு கதையை ஆரம்பிப்பார்கள். பெர்பெத்துவோ பற்றி நீங்களே கேளுங்கள். அந்த வைனைச் செய்துவந்தது அங்கேயிருந்த விவசாயக் குடும்பங்கள், அவர்களை விட்டுவிட்டுக் கதை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சாராயமே சேர்க்காமல் பழைய முறையில் செய்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அதை மார்சாலா என்ற பெயரில் விற்க முடியாது, ஆனால் கிடைத்தால் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் உடனே ரயிலுக்கு ஓடாதீர்கள். ஊருக்கு வடக்கே ஸ்தஞ்ஞோனே உப்பங்கழி, உப்பளங்கள், காற்றாலைகள். அறுவடை செய்த உப்பைக் குவித்து ஓடு போட்டு மூடியிருப்பார்கள். அங்கிருந்து படகில் சிறிது நேரத்தில் மோத்சியா தீவு. பழங்காலக் கடல்வணிகர்களான ஃபினீசியரின் நகரம் இருந்த இடம். அதை வாங்கி அகழாய்வு செய்தவர் ஜோசஃப் விட்டேக்கர். மேலே சொன்ன இங்ஹாமின் உறவு வழி வந்தவர், குடும்பத்தின் பணம் மார்சாலா வியாபாரத்தில் வந்தது. அங்கேயுள்ள அருங்காட்சியகத்தில் 1979-இல் கிடைத்த பளிங்கு இளைஞன் சிலை இருக்கிறது. துணி மடிப்புகள் உடலோடு ஒட்டிக்கிடக்கும் விதத்தை வடிவாகப் பாருங்கள். உப்பங்கழிக்கு ரயில் போகாது, டாக்ஸியோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். அதனால் சுவைத்தலைக் காலையில் வைத்துக்கொண்டால் நல்லது.

போத்தல் விஷயத்தில் கவலையே வேண்டாம், உங்களைப் போல எப்போதாவது குடிப்பவர்களுக்கு மார்சாலாதான் பொருத்தம். ஏற்கெனவே காற்றில் பழகிய வைன், சாராயமும் சேர்ந்திருக்கிறது. திறந்த பிறகு இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்தால் வாரக்கணக்கில் நன்றாக இருக்கும். பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெர்ஜினேயைக் குளிரவையுங்கள், பனிக்கட்டி போடக் கூடாது. இரண்டு போத்தல் வாங்க இடமிருந்தால் ஒன்று வெர்ஜினே, மற்றது உங்களுக்காக ஒரு சுப்பீரியோரே ரிசெர்வா. அது 4 வருடம் மரத்தில் இருந்தது, செமிசெக்கோவாகப் பார்த்து வாங்குங்கள், நீலப்பூஞ்சைப் பாலாடைக்கட்டியோடு நன்றாகப் போகும். சமையலுக்கு ஃபீனே போதும், அது எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். கிடங்குக் கடையில் அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.