கேன், ஸ்டுட்கார்ட் 1975: மூன்றாவது தட்டில் மட்டும் கரகரப்பு

ஜெர்மன் ராக் குழுவான கேனின் ஸ்டுட்கார்ட் 1975 கச்சேரிப் பதிவு, 2021ல் வந்த மூன்று எல்பி (வினைல் இசைத்தட்டு) செட், இங்கே யாரிடமாவது இருக்கிறதா? போன மாதம் கொலோனில் ஒரு கடையில் சீல் பிரிக்காததாக வாங்கினேன். மூன்றாவது தட்டின் முதல் பக்கத்தில் கடைசி நான்கு நிமிடம் இடது ஸ்பீக்கர் மட்டும் கிழிகிறது. டிரம்மர் லீபெட்சைட் சிம்பலைத் தொடும்போதெல்லாம் கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம்.

மூல நாடா அரங்கில் ரசிகர் ஒருவர் பதிந்தது, அதை கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டும் ஒலிப்பொறியாளர் ரெனே டின்னரும் பிறகு சீர்செய்தார்கள், அதனால் கரகரப்பு நாடாவிலேயே இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் ஸ்ட்ரீமிங்கில் அதே இடம் சுத்தமாக இருக்கிறது!

பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், எம்எம் காட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும், காந்தம் அசையும் வகைப் பகுதி), நீள்வட்ட ஊசி, சுமார் 300 மணி நேரம் ஓடியது. தட்டைக் கழுவினேன், ஊசியைத் துடைத்தேன், ஊசி எடையை 1.8லிருந்து 2 கிராமுக்கு ஏற்றினேன், ஊசிக்கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி ஸ்கேட்டையும் மாற்றிப் பார்த்தேன். இடது வலது வயரை மாற்றிச் செருகியதும் கரகரப்பு வலது பக்கம் போய்விட்டது, ஆக ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. உள்வட்டத்தை நெருங்க நெருங்க ஊசிக்குக் கீழே தட்டு ஓடும் வேகம் குறைந்து ஒலி சிதையும், அது தெரியும். சரி, அப்படியென்றால் மற்ற பக்கங்களின் முடிவும் கெட வேண்டுமே, கெடவில்லை.

இதே செட் வைத்திருப்பவர்களே, உங்கள் தட்டில் அந்தக் கடைசி நான்கு நிமிடம் சுத்தமாகக் கேட்கிறதா?