பீட் பொசில்த்வெயிட்: மாணவர்களுக்கு எதை முதலில் காட்டலாம்?

உப்புவெளி ரசிகன்:
வணக்கம். திருகோணமலையில் பாடசாலை நாடகக் குழுவொன்றுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். தலைமைப் பாத்திரம் கிடைக்காத பிள்ளைகள் முகம் வாடிவிடுகிறார்கள். துணைப் பாத்திரங்களாலேயே பெயர் நாட்டிய ஒருவரை அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். பிரித்தானிய நடிகர் பீட் பொசில்த்வெயிட்டை 1997இல் வெளியான 'த லொஸ்ட் வேர்ல்ட்' படத்தின் வேட்டைக்காரராக மட்டுமே அறிவேன். அவருடைய நடிப்பு வாழ்க்கையில் எதிலிருந்து தொடங்கலாம்?

உவர்மலையான்:
தந்தை வேடங்களிலிருந்து தொடங்குங்கள், தம்பி. 1988இல் வந்த 'டிஸ்டன்ட் வொய்சஸ், ஸ்டில் லைவ்ஸ்' படத்தில், வீட்டையே நடுங்கவைக்கும் லிவர்பூல் தந்தையாக அவர் வருகிறார். ஐந்து ஆண்டுகளின் பின், 'இன் த நேம் ஒஃப் த ஃபாதர்' படத்தில், கில்ட்ஃபோர்ட் குண்டுவெடிப்பு வழக்கையொட்டிக் குற்றமின்றிச் சிறைப்பட்ட கியூசெப்பே கொன்லனாக, அதே ஒட்டிய கன்னங்களோடும் துருத்திய எலும்புகளோடும், குரலை உயர்த்தாத ஒரு சாதுவான மனிதராக மாறியிருப்பார். மகனாக நடித்த டேனியல் டே லூயிஸ் அவரைவிடப் பதினொரு வயது மட்டுமே இளையவர் என்பதைப் படம் முடியும்வரை நாம் நினைக்கவே மாட்டோம். (பிரித்தானியாவின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதில் பேசப்படும்போது நம்மவர்கள் யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.)

தந்தை இறந்த இரவில், கைதிகள் சிறைச் சாளரங்களிலிருந்து எரியும் தாள்களை வெளியே விடும் காட்சியை மாணவர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். அக்காட்சியில் அவர் இல்லை. ஆனால், அதுவரை அவர் அடக்கி நடித்த அத்தனையும் அங்கேதான் பலிக்கிறது. அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது. விருது டொமி லீ ஜோன்ஸுக்குப் போனது.

மனையாவெளி வாசகி:
மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆயினும், பதின்ம வயதினரை ஈர்க்க வேண்டுமானால் தொலைக்காட்சித் தொடரான 'ஷார்ப்'பில் அவர் ஏற்ற சார்ஜன்ட் ஹேக்ஸ்வில் வேடமே ஏற்றது என்பேன். கழுத்து வெட்டி வெட்டி இழுக்க, தொப்பியைக் கழற்றி, அதனுள் இருக்கும் தாயின் படத்தோடு பேசுகிற அந்தக் கொடியவன் வந்து நின்றால், கதாநாயகனை யார் பார்ப்பார்கள்?

நீங்கள் பயிற்சியாளர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1946இல் வோரிங்டனில் பிறந்த அவரும் முதலில் நாடகம் கற்பித்தவரே. பிரிஸ்டல் ஓல்ட் விக் நாடகப் பள்ளியில் பயின்று, லிவர்பூல் எவ்ரிமன் அரங்கில், பின்னாளில் புகழ்பெற்ற ஜூலி வோல்ட்டர்ஸ், ஜொனத்தன் பிரைஸ் போன்றோருடன் மேடையேறினார். புகழடைந்த பின்னும் 2008இல் அதே அரங்குக்குத் திரும்பி லியர் மன்னனாக நடித்தார். மேடையில் தலைமைப் பாத்திரம், திரையில் பத்து நிமிடப் பாத்திரம் என்ற வேறுபாட்டை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

உப்புவெளி ரசிகன்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஹேக்ஸ்வில்லின் கொடுமைகள் பாடசாலைக்குச் சற்று அதிகமாகப்படுகின்றன. 'ப்ராஸ்ட் ஓஃப்' படத்தைக் காட்டலாமா?

உவர்மலையான்:
நிலக்கரிச் சுரங்கம் மூடப்படும் ஊரில் வாத்தியக் குழுவை வழிநடத்தும் டானியாக, அதில் அவர் ஏறக்குறையத் தலைமைப் பாத்திரமே ஏற்றிருக்கிறார். எனவே உங்கள் நோக்கத்துக்கு அது முழுமையாகப் பொருந்தாது. வசைச் சொற்களும் ஏராளம். அதற்குப் பதில் 2010இல் வந்த 'இன்செப்ஷன்' படத்தைப் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். மரணப் படுக்கையில் கிடக்கும் தந்தை அவர்தான். சில நிமிடங்களே வருகிறார், பெரும்பாலும் படுத்தபடியே. மகன் அருகே குனியும் இடத்திலிருந்து போட்டு, அவருடைய கண்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.