போஸ் வெங்கட் மாதிரி இயக்குநராவேன் என்கிறான் மருமகன்: விடலாமா?

அம்பை மாமா:
என் தங்கை மகன் சென்னையில் ஒரு சீரியலில் நாயகனின் தம்பியாக வருகிறான். ஊருக்கு வந்தால் தெருவே வாசலில் நிற்கிறது. அது போதாதாம், படம் இயக்கப் போகிறானாம். கேட்டால், "போஸ் வெங்கட் செய்யவில்லையா மாமா?" என்கிறான். 'மெட்டி ஒலி' போஸை எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரியும். பிறகு அவர் எப்படி இயக்குநரானார்? பையனைத் தடுக்கவா, விடவா?

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சி, மருமகன் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான். போஸ் வெங்கட் அறந்தாங்கிக்காரர். சென்னையில் ஆட்டோ ஓட்டியவர். 'மெட்டி ஒலி' 2002-இல் தொடங்கியது. மறு ஆண்டே பாரதிராஜாவின் 'ஈர நிலம்'. அப்புறம் 'சிவாஜி', 'கவண்' என்று துணைப் பாத்திரங்கள். 'தீரன் அதிகாரம் ஒன்று' படத்தில் கார்த்தியுடன் அலையும் போலீஸ்காரராக வருவாரே, அவரேதான். முதலில் இயக்கிய 'கன்னி மாடம்' வந்தது 2020 பிப்ரவரியில். நடுவில் 18 ஆண்டுகள்!

சாதி மாறிக் காதலித்துச் சென்னைக்கு ஓடிவரும் ஜோடி, அவர்களுக்குத் துணை நிற்கும் ஆட்டோக்காரன். நம் சீமையில் இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டாம். ஆட்டோ ஸ்டாண்டு அவர் வாழ்ந்த இடம், அது திரையில் தெரிகிறது. சில வசனங்கள் மேடைப்பேச்சாக நீளும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாயகனாகத் தானே நிற்காமல் ஸ்ரீராம் கார்த்திக்கை நிறுத்தினார் பாருங்கள், நடிகருக்கு அது லேசில் வராது. வெளியான அடுத்த மாதமே கொரோனாவால் தியேட்டர்களை மூடிவிட்டார்கள். அடுத்த படமான 'சார்', விமலை ஆசிரியராக வைத்து 2024-இல்தான் வந்தது.

தென்காசி அக்கா:
திருமுருகனை விட்டுவிட்டீர்களே! 'மெட்டி ஒலி'யை இயக்கியவரும் அவர், கோபியாக நடித்தவரும் அவர். பிறகு 2006-இல் 'எம் மகன்' படம். 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வமும் அதிலேயே தொல்காப்பியனாக நடித்தார்.

பாளையங்கோட்டைக்காரன்:
அக்கா, அவர்கள் தொடரை நடத்திக்கொண்டே முகம் காட்டியவர்கள். இந்தப் பையனிடம் இப்போதைக்கு முகம் மட்டும்தானே இருக்கிறது? அண்ணாச்சி, தன் காட்சி முடிந்ததும் அவன் கேமரா பக்கம் நிற்கிறானா என்று கேளுங்கள்.

அம்பை மாமா:
போனில் கேட்டேன். "காட்சி முடிந்தால் தூங்கப் போய்விடுவேன் மாமா" என்கிறான். பொங்கலுக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன்.