குளிர் பட்டால் தோல் தடிக்கும் மகள் குற்றாலத்தில் குளிக்கலாமா?

கேள்வி: மதுரைத் தந்தை

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், மார்கழி மாதத்தில் அதிகாலை வகுப்புக்கு ஸ்கூட்டரில் சென்று இறங்கியதும், கன்னத்திலும் கைவிரல்களிலும் கொசுக்கடி போன்ற தடிப்புகள் சிவந்து எழுந்து கடுமையாக அரிப்பதாகச் சொன்னாள். ஒரு மணி நேரத்திற்குள் அவை சுவடின்றி மறைந்துவிடுகின்றன. இப்போது ஐஸ்கிரீம் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டைச் சற்று நேரம் பிடித்திருந்தாலே உள்ளங்கை தடித்துப்போகிறது. தினமும் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். சாரல் தொடங்கியதும் குடும்பத்தோடு குற்றாலம் செல்லவிருக்கிறோம். அவளை அருவியில் குளிக்க விடலாமா? இதற்கு மருத்துவம் உண்டா?

பதில்: தோல் மருத்துவர்

ஐயா, இப்போதைய நிலையில் மகளை அருவியில் நிற்க விடாதீர்கள். நீங்கள் விவரிப்பது குளிரால் வரும் காணாக்கடி என்றே தோன்றுகிறது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் குளிர்ச்சியால் தூண்டப்பட்டு ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. அதனால் நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிவதால்தான் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. கன்னம் மட்டும் குளிர்ந்தால் பெரும்பாலும் கன்னத்தோடு நின்றுவிடும். ஆனால் தலை முதல் கால் வரை ஒரே நேரத்தில் குளிரும்போது, ஏராளமான ஹிஸ்டமின் இரத்தத்தில் கலந்து, இரத்த அழுத்தம் சரிந்து, மயக்கமும் மூச்சுத்திணறலும் வரக்கூடும். இந்நோயுள்ளவர்கள் குளிர்ந்த நீரில் நீந்தும்போது நினைவிழந்து மூழ்க நேரிடுவதுதான் இதன் மிகப் பெரிய ஆபத்து. உதட்டு வீக்கத்தையும் சிறிதாக எண்ண வேண்டாம். அதே வீக்கம் தொண்டையில் ஏற்பட்டால் மூச்சு அடைபடும். ஆகவே ஐஸ்கிரீமையும் குளிர்ந்த பானங்களையும் இன்றே நிறுத்துங்கள்.

உறவினர்கள் சொல்லும் பச்சைத் தண்ணீர் யோசனையையும் கைவிடுங்கள். படிப்படியாகக் குளிருக்குப் பழக்கும் முறை ஒன்று இருக்கிறது என்றாலும், அது மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே தொடங்கத்தக்கது.

நோயை உறுதிசெய்வது எளிது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் இட்ட பனிக்கட்டியை முன்கையில் 5 நிமிடம் வைத்து எடுத்து, 10 நிமிடம் கழித்துப் பார்க்கும்போது அந்த இடத்தில் தடிப்பு எழுந்திருந்தால் நோய் உறுதியாகும். தோல் மீண்டும் சூடேறும்போதுதான் தடிப்பு தெளிவாகத் தெரியும். கடுமையான எதிர்வினை வரக்கூடும் என்பதால் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். சிலருக்கு இச்சோதனையில் தடிப்பு எழாமலும் நோய் இருக்கலாம்.

செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற, தூக்கக் கலக்கம் குறைவாகத் தரும் மாத்திரைகளே முதல் மருந்து. தடிப்பு வந்தபின் விழுங்குவதைவிட, வராமல் தடுக்க நாள்தோறும் எடுப்பதே பயன் தரும். வழக்கமான அளவு போதாதபோது நான்கு மடங்கு வரை உயர்த்துவதுண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஓமலிசுமாப் என்னும் ஊசி பயன்படுகிறது, ஆனால் அதன் விலை அதிகம்.

பதில்: உதகைவாசி

எனக்கும் இதே நோய் இருப்பதால் அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சில சொல்கிறேன். வெப்பமானி காட்டும் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்; தோல் எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்பதும் முக்கியம். வெயிலில் வியர்த்தபின் குளிரூட்டப்பட்ட பேருந்தில் ஏறினாலும், குளித்த ஈரத்தோடு மின்விசிறிக்குக் கீழே நின்றாலும் எனக்குத் தடிப்பு வந்துவிடும். அதனால் வெந்நீரில் குளித்து, குளியலறைக்குள்ளேயே நன்றாகத் துவட்டி, உடையணிந்த பிறகுதான் வெளியே வருகிறேன். வண்டி ஓட்டும்போது கையுறையும் முகத்தை மூடும் தலைக்கவசமும் உங்கள் மகளுக்குப் பெரிதும் உதவும். அவள் மாத்திரை எடுத்துக்கொண்டாலும் குளத்திலோ ஆற்றிலோ தனியாக இறங்கக் கூடாது.

பதில்: சென்னை வாசகி

குளிர் காற்றில் எனக்குத் தும்மலும் மூக்கொழுகலும் வருகின்றன, தடிப்பு இல்லை. இதுவும் அதே நோயா?

பதில்: தோல் மருத்துவர்

இல்லை, அம்மா. தடிப்பின்றித் தும்மல் மட்டும் வருவது மூக்கு சார்ந்த வேறொரு தொல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

மதுரைத் தந்தை

மிக்க நன்றி. அருவிக் குளியலை விட்டுவிட்டோம். பயணத்திற்கு முன்பே மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். இது வாழ்நாள் முழுவதும் இருக்குமா? அவளுக்குக் கடைவாய்ப் பல் அறுவை செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: தோல் மருத்துவர்

இளம் வயதில் தொடங்கும் இந்நோய் பலருக்குச் சில ஆண்டுகளில் தணிந்தோ மறைந்தோ போகிறது. சிலருக்கு நீடிக்கவும் செய்கிறது. அரிதாக வேறொரு தொற்றின் அல்லது இரத்தக் கோளாறின் விளைவாகவும் வரலாம் என்பதால், தேவைப்பட்டால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுப்பார்.

பல் அறுவையைப் பற்றிக் கேட்டது நல்லது. பல் மருத்துவரிடமும் மயக்க மருந்து நிபுணரிடமும் இந்நோயை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அறையின் குளிரும் குளிர்ந்த நிலையில் நரம்பில் ஏற்றும் திரவமும் எதிர்வினையைத் தூண்டக்கூடியவை. திரவத்தை வெதுவெதுப்பாக்கி ஏற்றவும் உடலைப் போர்த்தி வைக்கவும் அவர்களால் முடியும். எப்போதாவது தடிப்போடு மூச்சுத்திணறலோ, குரல் மாற்றமோ, தலைசுற்றலோ வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். அந்நிலையில் உயிர்காக்கும் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான். ஆகவே குளிரிலிருந்து அகற்றி, ஈர உடையை மாற்றிப் போர்த்தி, மயக்கம் வந்தால் படுக்க வைத்து, உடனே 108ஐ அழையுங்கள்.